அரை டெசிபல் இறக்கம்

எங்கள் மன்றத்தில் "நல்லா இருக்கு" என்று சொல்வது குற்றம். சொன்னவர் அன்றைய கூட்டம் முடியும்வரை கடைசி வரிசையில் உட்கார வேண்டும். "நல்லா இல்ல" என்று சொன்னால் மட்டும் ஏன் என்று கேட்பார்கள், பதில் சொல்லத் தெரிந்தால் முன்வரிசைகூடக் கிடைக்கும். நான் சேர்ந்த முதல் மாதம் முழுக்கக் கடைசி வரிசையில்தான் இருந்தேன். இதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது. கடைசி வரிசையில் இருந்ததற்காக அல்ல, அங்கிருந்து முன்னேறியதற்காக.

பெயர் நுண்செவி மன்றம். காதுக்குள் செருகிக்கொள்ளும் இயர்போன்களில் எது உயர்ந்தது, அதை எப்படித் திருத்தினால் இன்னும் உயரும் என்று ஆராய்வது நோக்கம். பாட்டுக் கேட்பது நோக்கம் அல்ல. அதை விதிமுறைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். ஒரே பாட்டின் முதல் நாற்பது நொடிகளைத்தான் வருடக்கணக்காக ஓடவிடுகிறோம். அதைப் பாடிய பெண் பல்லவிக்குப் பிறகு என்ன பாடினாள் என்பது மன்றத்தில் யாருக்கும் தெரியாது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் கூடுவோம். அந்த மருத்துவமனையின் டாக்டர்தான் எங்கள் செயலாளர். கேட்பவர் பல் நாற்காலியில் சாய்ந்து படுக்க வேண்டும். கழுத்தின் சாய்வு மாறினால் காதுத் துவாரம் மாறும், துவாரம் மாறினால் ஒலி மாறும் என்பது டாக்டரின் கண்டுபிடிப்பு. நாற்காலி ஒன்று, உறுப்பினர்கள் முப்பத்திரண்டு பேர். ஆகவே ஒரு இயர்போனைப் பற்றி முடிவெடுக்க மூன்று ஞாயிறு பிடிக்கும். அதற்குள் கடையில் அடுத்த மாடல் வந்துவிடும்.

தலைவர் எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தபோது தராசுகளுக்கு முத்திரை குத்தினார். இப்போது காதுகளுக்குக் குத்துகிறார். மன்றத்தில் மூன்று நிலைகள் உண்டு. கேட்பவர், கூர்ந்து கேட்பவர், உணர்பவர். உணர்பவருக்குச் சட்டைப் பையில் குத்திக்கொள்ள வெள்ளி நிறத்தில் ஒரு வில்லை தருவார்கள்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். பஸ்ஸில் போகும்போது என் இயர்போனின் வலது பக்கம் அடிக்கடி கழன்று விழுந்தது. கேட்டுவிட்டு வரலாமே என்று வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு மன்றத்தில் வயர் அண்ணன் என்று பெயர். என் காதை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இயர்போன்ல ஒரு கோளாறும் இல்ல சார். உங்க காதப் பத்தி உங்களுக்கே ஒண்ணும் தெரியல. ஞாயித்துக்கிழமை மாடிக்கு வாங்க."

போனேன். டாக்டர் இரண்டு காதிலும் மெழுகு ஊற்றி அச்சு எடுத்தார். இடது காது நடுத்தரம், வலது காது நடுத்தரத்துக்குச் சற்றே கீழ் என்று பதிவேட்டில் எழுதினார்கள். பிறகு பதினோரு விதமான ரப்பர் குமிழ்களை ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் படுக்க வைத்தார்கள். நான்காவது குமிழ் கழலாமல் நின்றது. வந்த வேலை முடிந்தது என்று எழுந்தேன்.

"உக்காருங்க," என்றார் தலைவர். "நிக்குதாங்கறது கேள்வியே இல்ல. நிக்கும்போது நாம என்ன இழக்கறோம்கறதுதான் கேள்வி."

அன்றைக்கே இறங்கி வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மற்ற முப்பது பேரும் தலையாட்டினார்கள். அத்தனை பேர் சேர்ந்து தலையாட்டுகிற இடத்தில் விஷயம் இல்லாமலா இருக்கும் என்று நினைத்தேன்.

என் முன்னேற்றம் ஐந்தாவது ஞாயிறு நடந்தது. அதற்குள் மற்றவர்கள் பேசுவதைக் கவனித்து வைத்திருந்தேன். "மேடை அகலமா இருக்கு, ஆனா பின்சுவர் கிட்ட வந்துடுச்சு" என்பார் ஒருவர். "கீழ்ப்பகுதி வெதுவெதுப்பா இருக்கு, காத்தோட்டம் பத்தல" என்பார் இன்னொருவர். வீட்டு புரோக்கர்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். என் முறை வந்தபோது வாயில் வந்ததைச் சொன்னேன்.

"குரல்ல ஈரம் குறையுது."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த எடத்துல?"

"அவங்க மூச்சு இழுக்கற எடத்துல."

அதை அப்படியே நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றினார்கள். அடுத்து படுத்த ஏழு பேருக்கும் ஈரம் குறைந்தது. எட்டாமவருக்கு ஈரம் குறைந்ததோடு லேசாக வெடிப்பும் தெரிந்தது. அன்றே நான் கூர்ந்து கேட்பவன் ஆனேன்.

எனக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்ல வழியில்லை. எங்கள் கடையில் கண் பரிசோதிப்பவர், "இது தெளிவா, இல்ல இதுவா?" என்று இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போடுவார். சில சமயம் வேண்டுமென்றே அதே கண்ணாடியை எடுத்து மறுபடி போடுவார். பத்துப் பேரில் ஏழு பேர் இரண்டாவதுதான் தெளிவு என்பார்கள். டீ குடிக்கும்போது இதைச் சொல்லி நானும் அவரும் சிரிப்போம். வாரத்தில் ஆறு நாள் அப்படிச் சிரித்தவன்தான் ஏழாம் நாள் போய்ப் பல் நாற்காலியில் படுத்தேன்.

மன்றத்தில் மற்றவர்கள் என்னைவிடத் தேர்ந்தவர்கள். வயர் அண்ணன் புதிதாக ஒரு கேபிள் வாங்கினால் அதில் இருநூறு மணி நேரம் வெறும் இரைச்சலை ஓடவிட்டுப் பழக்குவார். அந்த நாட்களில் கேபிள் படுக்கையறையில் இருக்கும். அவரும் அவர் மனைவியும் கூடத்தில் படுப்பார்கள்.

"மொதல்ல வயரு பயந்துபோய் இருக்கும்," என்று எனக்கு விளக்கினார். "அந்த நேரத்துல பக்கத்துல நின்னு சத்தமாப் பேசினாக்கூட அதுக்குள்ள பதிஞ்சுடும். எங்க வீட்ல ஒரு வயர்ல இன்னும் என் மாமியார் இருக்காங்க."

இந்த நிலையில்தான் தலைவருக்கு மன்றத்துக்கென்று சொந்தமாக ஒரு வளைகோடு வேண்டும் என்று தோன்றியது. எந்தச் சுருதி எவ்வளவு உயர வேண்டும், எது எவ்வளவு அடங்க வேண்டும் என்று கோடு போட்டுவிட்டால், இனி உலகத்து இயர்போன்கள் எல்லாவற்றையும் அதற்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளலாம். லேப்டாப்பில் ஈக்வலைசர் என்ற ஒரு மென்பொருள் இருக்கிறது. சுருதிக்கு ஒன்றாக எண் போட்டு வரிசையாக நிற்கும் சின்னச் சின்னக் குமிழ்களை டெசிபல் கணக்கில் ஏற்றி இறக்கினால் ஒலி மாறும். லென்ஸ் பொருத்துகிற கை நடுங்காது என்று அதை இயக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் உணர்பவர் வில்லை தருவதாகத் தலைவர் காதோடு சொன்னார். அன்று இரவு அந்த வில்லையை எந்தச் சட்டையில் குத்துவது என்றெல்லாம் யோசித்தேன்.

மூன்று ஞாயிறு திருத்தினோம்.

"ரெண்டாயிரத்து ஐந்நூறுல அரை டெசிபல் எறக்குங்க," என்பார் தலைவர். இறக்குவேன். நாற்காலியில் இருப்பவர் கண்ணை மூடி, "ஆங், இப்ப குரல் ஒரு அடி முன்னால வந்துடுச்சு" என்பார். "ஒரு அடி கூடாது, முக்கால் அடிதான்" என்று டாக்டர் ஆட்சேபிப்பார். வாக்கெடுப்பு நடக்கும். கால் டெசிபலுக்காக இரண்டு பேர் ஒரு வாரம் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். கடைசியில் கோடு முடிந்து, அதைக் குடும்ப நாள் அன்று வெளியார் முன்னிலையில் அரங்கேற்றுவது என்று தீர்மானமாயிற்று. திருத்துவதற்கு முன், திருத்திய பின் என்று இரண்டையும் போட்டுக் காட்ட வேண்டும்.

அதற்கு என் மனைவியை அழைத்துப் போனேன்.

அவள் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் போன் எடுப்பவள். பதினோரு வருட சர்வீஸ். அழுதுகொண்டே சொல்கிற முகவரியை ஒரே தடவையில் பிடித்துவிடுவாள். போனில் கேட்கிற மூச்சை வைத்து, படுத்திருப்பவருக்கு நினைவு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். பேச முடியாத ஒருவர் போனைக் கீழே வைத்தபோது, பின்னால் ஓடிய தையல் மிஷின் சத்தத்தை வைத்தே எந்தத் தெரு என்று கண்டுபிடித்திருக்கிறாள். இதையெல்லாம் அவளாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள். அவளோடு வேலை பார்ப்பவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அன்றைக்கு அவள் நாற்காலியில் படுத்தாள். குமிழ்களை எல்லாம் நேராக வைத்து முதலாவதைப் போட்டேன், பிறகு அவற்றைக் கோட்டின்படி நிறுத்தி இரண்டாவதைப் போட்டேன்.

"என்ன தெரிஞ்சுது?" என்றார் தலைவர்.

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு."

யாரோ இருமினார்கள். தலைவர் மறுபடி போடச் சொன்னார். போட்டேன். அவள் நன்றாகக் கவனித்துவிட்டு, "ஒரே பாட்டுதானே, ஒரே மாதிரிதான் கேக்குது" என்றாள்.

"மூணு வாரமா இதக் கேட்டதுல வித்தியாசம் தெரிஞ்சவங்க கையத் தூக்குங்க," என்றார் தலைவர்.

முப்பத்தொரு கைகள் எழுந்தன. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நானும் தூக்கினேன்.

டாக்டர் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து அவள் காதுக்குள் பார்த்தார். அடைப்பு ஒன்றும் இல்லை, ஆகவே கோளாறு உள்ளேதான் என்றார். தலைவர் எழுந்து ஒரு சிறு உரை ஆற்றினார்.

"யாரும் இதக் கேலி பண்ணக் கூடாது. நான் சர்வீஸ்ல இருந்தப்ப எத்தனையோ தராசப் பாத்திருக்கேன். பாக்க நல்லாத்தான் இருக்கும், எடை மட்டும் சரியாக் காட்டாது. அது தராசோட தப்பு இல்ல. ஆனா அத வெச்சு வியாபாரம் பண்ணக் கூடாது, அவ்வளவுதான்."

போன் எடுக்கிற ஒருத்தியிடம் இதைச் சொன்னார். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே "செவி: நம்பகமற்றது" என்று எழுதினார்கள்.

எல்லாரும் டீக்குப் போனார்கள். லேப்டாப்பை மூடப் போனபோதுதான் பார்த்தேன். ஈக்வலைசர் பெட்டியின் மேல் மூலையில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. ஓடினால் பச்சையாக இருக்கும். அது சாம்பல் நிறத்தில் இருந்தது.

எப்போது அணைந்தது என்பதும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. முதல் ஞாயிறு, வேலை தொடங்குவதற்கு முன், கடையிலிருந்து வந்த ஒரு குரல் பதிவைக் கேட்பதற்காக நானே அதை அணைத்தேன். திரும்பப் போடவில்லை. மூன்று ஞாயிறு நாங்கள் ஏற்றி இறக்கியது எதுவும் எந்தக் காதுக்கும் போய்ச் சேரவில்லை. முன்னும் பின்னும் ஒன்றேதான். அந்த மாடியில் அன்றைக்கு ஒரே ஒரு காதுதான் சரியாக வேலை செய்தது.

நான் ஸ்விட்சைப் போட்டேன். லேப்டாப்பை மூடினேன். டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் வேலையில் யாரோ சொன்ன முகவரியை இரண்டு தடவை கேட்டதாகச் சாப்பிடும்போது சொன்னாள். அடுத்த நாள் மூன்று தடவை. மையத்திலேயே காது பரிசோதனைக்குப் போனாள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சீட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை என்னிடம் காட்டினாள்.

"மெஷினு சரின்னுதான் சொல்லுது. ஆனா அத்தனை பேருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே."

"அவங்கள விடு," என்றேன்.

"அவங்கள விட்டுடலாங்க. நீங்களும்தானே தூக்குனீங்க. நீங்க எதுக்குப் பொய் சொல்லப் போறீங்க?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் சொல்லியிருப்பான். நான் தண்ணீர் எடுத்துக் குடித்தேன்.

ஒன்பதாம் நாள் ஒரு பெரியவர் கூப்பிட்டிருக்கிறார். குரல் மெலிந்து வந்தது. அவள் முகவரியை எழுதிக்கொண்டாள், ஆனால் எழுதியதை நம்பாமல் நான்கு தடவை திரும்பக் கேட்டாள். வண்டி போய்ச் சேர்ந்தது, ஆள் பிழைத்தார். முதல் தடவை அவள் எழுதிக்கொண்டதே சரியான முகவரிதான் என்று பிறகு தெரிந்தது. இருந்தாலும் அன்று மாலையே, செவித்திறன் குறைவு காரணமாகத் தன்னைப் பதிவறைக்கு மாற்றும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். "என்னால யாருக்காவது ஏதாவது ஆயிடக் கூடாதுல்ல," என்றாள். பதினோரு வருடம் போன் எடுத்தவள் மறுநாளிலிருந்து கோப்புகளுக்கு எண் போட்டாள். வீட்டில் நான் கூப்பிட்டால்கூடப் பக்கத்தில் வந்து நின்று என் வாயைப் பார்த்தாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு வளைகோட்டின் வெளியீட்டு விழா. கோட்டைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள், எனக்கான வில்லை ஒரு தட்டில் இருந்தது. நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்விட்ச் அணைந்திருந்தது, அணைத்தது நான், யாருக்கும் எந்த வித்தியாசமும் கேட்டிருக்க முடியாது, எனக்கும் கேட்கவில்லை, என் மனைவி மட்டும்தான் உண்மையைச் சொன்னாள் என்றேன்.

டாக்டர் பதிவேட்டைப் புரட்டினார். வயர் அண்ணன் மெதுவாக, "லேப்டாப்புக்குப் போற வயரு அன்னைக்குப் புதுசு," என்றார். பல பேருக்கு மூச்சு வந்தது.

பிறகு தலைவர் எழுந்தார்.

"நண்பர் வருத்தப்படுறார். வருத்தப்படத் தேவையில்ல. இப்ப யோசிச்சுப் பாருங்க. ஸ்விட்சு போட்டிருந்து வித்தியாசம் கேட்டா அது எந்தக் காதுக்கும் கேக்கும். ஸ்விட்சு போடாமலே வித்தியாசம் கேட்டிருக்கோம்னா, இந்த மன்றம் எந்த எடத்துக்கு வந்திருக்குன்னு பாருங்க. கருவி செய்யாததையும் நம்ம காது செஞ்சிருக்கு. முப்பது வருஷ சர்வீஸ்ல நான் ஒரு நாளும் தராச நம்பினதில்ல. முத்திரையத்தான் நம்பினேன்."

கைதட்டினார்கள். மன்ற வளைகோட்டை இனி ஸ்விட்சை அணைத்துவிட்டே பயன்படுத்த வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். பதிவேட்டில் என் மனைவியைப் பற்றி எழுதியதை அடிக்க வேண்டும் என்றேன்.

"அடிக்க முடியாதுங்களே," என்றார் டாக்டர், ரொம்ப மரியாதையாக. "வித்தியாசம் இருந்துச்சுன்னு இப்பத்தான தீர்மானம் போட்டோம்."

தலைவர் தட்டை நீட்டினார். இந்த இடத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். நான் வில்லையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். நன்றி என்றுகூடச் சொன்னேன். படியில் இறங்கும்போதுதான் அது கையில் இருப்பது உறைத்தது. சாக்கடையில் போட்டேன். போடும் முன் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். போனில் கூப்பிடுகிறவர்களிடம் கேட்பாளே, அதே மாதிரி, தேவையானதை மட்டும் கேட்டாள்.

"எப்ப பாத்தீங்க?"

"குடும்ப நாள் அன்னைக்கே."

"நான் மாத்தல் எழுதிக் குடுத்தது அதுக்கு ஒம்போது நாள் கழிச்சு."

"ஆமா."

"ஸ்விட்சு விஷயத்த விடுங்க. கையத் தூக்குனீங்களே, உங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"இல்ல."

அவள் உள்ளே போய் ஒரு படிவத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். பழைய பணிக்குத் திரும்புவதற்கான விண்ணப்பம். மாற்றல் எழுதிக் கொடுத்த அன்றைக்கே மேற்பார்வையாளர் அம்மா கொடுத்தனுப்பியிருக்கிறார், நிரப்பாமல் வைத்திருந்தாள். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காட்டி, "இத நீங்க எழுதுங்க," என்றாள்.

முந்தைய மதிப்பீட்டில் நேர்ந்த தொழில்நுட்பக் குளறுபடியால் என்று எழுதினேன். படித்துவிட்டு அடித்தாள். "இது உங்க தலைவர் பேசற மாதிரி இருக்கு."

தவறான புரிதலால் என்று எழுதினேன்.

"யாரோட புரிதல்? எனக்கு ஒண்ணும் தப்பாப் புரியலையே."

மீதமிருந்த இடத்தில் எழுதினேன்: என் காதில் எந்தக் குறையும் இல்லை. என் கணவர் பொய் சொன்னார், நான் நம்பிவிட்டேன்.

"ஆபீஸ்ல எல்லாரும் படிப்பாங்களே," என்றேன்.

"படிக்கட்டும். அங்க அத்தனை பேர் முன்னால நான்தானே படுத்துக் கெடந்தேன்?" செருப்பை மாட்டிக்கொண்டாள். "வாங்க. அவங்க ஏதாவது கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

அழைப்பு மையத்துக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது. மேற்பார்வையாளர் அம்மா அவளைப் பார்த்ததும் படிவத்தை வாங்கிப் படிக்கக்கூட இல்லை. "ஆள் பத்தலம்மா, மொதல்ல போய் உக்காரு," என்று அனுப்பிவிட்டார். அவள் பழைய நாற்காலிக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அதன் பிறகுதான் அந்த அம்மா படிவத்தைப் படித்தார். ஒரு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கணவர்னா நீங்கதானா?"

"ஆமாங்க."

"என்ன பொய்?"

சொல்ல ஆரம்பித்தேன். பல் நாற்காலி என்றதும் பக்கத்தில் சும்மா இருந்த இரண்டு பெண்கள் திரும்பினார்கள். கையைத் தூக்கிய இடம் வந்தது. மேற்பார்வையாளர் அம்மாவுக்குப் புரியவில்லை.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றதுக்கு என்னங்க?"

அந்த நேரத்தில் என் மனைவி எங்களைத் திரும்பிப் பார்த்து, பேசாதீர்கள் என்று கையைக் காட்டினாள். அவள் லைனில் யாரோ இருந்தார்கள், ரொம்ப மெலிந்த குரலாக இருக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். அவள் குனிந்து முகவரியை எழுதினாள். மறுபடி கேட்கவில்லை. "வண்டி கெளம்பிடுச்சு, லைன்லயே இருங்க," என்றாள்.